ஒரு பல் தள்ளி

சகலை, போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ஸ்பேனரை இரவல் கேட்டு வந்தபோது லேத்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பட்டறையில் மின்சாரம் போய்விட்டதால் அன்று மதியமே வீட்டுக்கு வந்திருந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் வேணும். வால்வு இடைவெளி பாக்குற டேப்பட் கேஜும் இருந்தா நல்லது."

"எதுக்கு?"

"வண்டிக்குப் புது கேம்ஷாஃப்ட் வந்திருக்கு. வீட்டுலயே மாத்திடலாம்னு பாக்குறேன்."

இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார் சகலை. லேத்காரர் இடது கையால் வாங்கிப் பார்த்தார். ஒரு சாண்கூட இல்லாத தண்டு. அதன் மேல் இரண்டு முட்டை வடிவ மேடுகள். மேட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஒரு பிசிறு இல்லை. குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடு உசரமா இருக்கே."

"அதுக்குத்தாண்ணே வாங்கினது. வால்வு இன்னும் கொஞ்சம் கூடத் திறக்கும். வண்டி நல்லா மூச்சு விடும். ஆஸ்பத்திரி மேட்டுல ரெண்டு பேரா ஏற முடியல. பாதி வழியில இவ இறங்கி நடக்குறா, நான் வெறும் வண்டியோட முன்னாடி போறேன். பாக்குறவங்க சிரிக்கிறாங்க."

"நீயேவா மாத்தப் போற?"

"வீடியோ பார்த்தேன். இருபது தடவையாவது பார்த்திருப்பேன்."

ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தாள் லேத்காரர் மனைவி. சகலை மாடிப்படி ஏறிப் போன பிறகும் லேத்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கேட்பதென்றால் ஆளைக் கேட்டிருக்கலாம். ஸ்பேனரைக் கேட்டுவிட்டுப் போகிறான்.

வீடு மாமனாருடையது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன மனிதர். பெண்கள் இருவர். மூத்தவளைக் கட்டிய லேத்காரர் பதினான்கு வருஷமாகக் கீழ் வீட்டில் மாமனாரோடு இருக்கிறார். மனைவி வாசல் அறையில் மெஷின் போட்டு ஜன்னல் திரை தைக்கிறாள். இளையவளுக்கு மேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. அவளைக் கட்டியவர் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து, லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். இரண்டு வருஷமாக மாடியில் குடியிருக்கிறார்கள்.

அந்த இரண்டு வருஷத்தில் லேத்காரருக்கு உள்ளே ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருந்தது. பட்டறையில் அவருக்கு 'அரைநூல்' என்று பட்டப்பெயர். அரை நூல் பிசகினாலும் கடைந்த சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைவார். இந்த வீட்டுத் தண்ணீர் மோட்டாரை ஆறு தடவை பிரித்து மாட்டியிருக்கிறார். மாமனார் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. மோட்டார் ஓடினால் அதை யார் நினைக்கப்போகிறார்கள்? ஆனால் வந்த மூன்றாவது மாதம் சகலை ஒரு மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தார். அன்று முதல் மாமனார் தினசரிப் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "சின்ன மாப்பிள்ளை கையில என்னமோ இருக்குய்யா" என்கிறார்.

சகலை டீ குடித்தால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். "பாருங்க, எவ்வளவு பதவிசு" என்று மனைவி ஒரு நாள் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து லேத்காரரும் கழுவினார். காதில் விழட்டும் என்று 'ணங்'கென்று கவிழ்த்தார். யார் காதிலும் விழவில்லை. ஒரு வாரம் கழித்து மனைவி கேட்டாள், "டம்ளர் ஏன் நசுங்கியிருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் தகரக் கொட்டகையின் கீழ் வேலை தொடங்கியது. ஒரே புழுக்கம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே பழைய திரைத்துணியை விரித்திருந்தார் சகலை. பெட்ரோல் டேங்க் சுவரோரம் போய்விட்டது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியில் போட்டு, பக்கத்தில் பேனாவால் நம்பர் எழுதினார். வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார்.

லேத்காரர் ஜன்னலுக்கு உள்ளே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரிப்பது அவர் வேலை. அந்த வாரம் ஜன்னல் ஓரம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று முறத்தோடு அங்கே வந்துவிட்டார். வெளியே நான்கு முழத் தூரத்தில் என்ஜின்.

"எதுக்கு மாப்பிள்ளை டாப் கியர் போடுறீங்க, வண்டிதான் ஓடலையே?" என்றார் மாமனார்.

"கியர்ல இருந்தாத்தான் பின் சக்கரத்தைச் சுத்தினா என்ஜினும் சேர்ந்து சுத்தும் மாமா. பிளக்கைக் கழட்டிட்டேன், லேசாச் சுத்தும். இந்த ஓட்டையில பாருங்க, ஒரு கோடு வரும். அது நேரா வந்துச்சுன்னா பிஸ்டன் உச்சியில இருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் வண்டியை அசைக்கவே கூடாது."

சக்கரத்தை மெல்ல உருட்டினார். கோடு வந்தது. பிஸ்டனையும் தண்டையும் ஒன்றாக ஓடவைக்கும் டைமிங் செயினைத் தண்டின் பல் சக்கரத்திலிருந்து கழற்றி, உள்ளே விழுந்துவிடாமல் கம்பியால் கட்டினார். பழைய தண்டு வெளியே வந்தது. எங்கேயாவது அவசரப்படுவான், எதையாவது தட்டிவிடுவான் என்று லேத்காரர் காத்திருந்தார். சகலை அவசரப்படவில்லை. லென்ஸைத் துடைக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் துடைத்தார். வெங்காயம் கண்ணைக் கரித்தது.

திடீரென்று மழை பிடித்தது. தகரத்தில் சடசடவென்று விழுந்த சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. சாரல் முதுகில் அடித்ததும் மாமனார் முக்காலியிலிருந்து எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கையில் அகப்பட்ட டயரைப் பிடித்து ஊன்றினார். சக்கரம் ஒரு விரற்கடை சுற்றி நின்றது. அவர் எழுந்து நின்று முக்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டார்.

சகலை அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு புதுத் தண்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பார்த்தது லேத்காரர் மட்டும்தான். ஒரு விரற்கடை என்றால் பல் சக்கரத்தில் ஒரு பல். அவருக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

'தம்பி, அந்தக் கோட்டை இன்னொரு தரம் பாரு.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் வைத்துவிட்டார்.

மழைச் சத்தத்தை மீறி மாமனார் கத்தினார்: "பெரிய மாப்பிள்ளையா இருந்தா இதுக்குள்ள நாலு பேரைத் திட்டி முடிச்சிருப்பாரு. நீங்க சத்தமே இல்லாமச் செய்யிறீங்க, பாருங்க!"

சகலை சிரித்தார். அறைக்குள் மெஷினில் இருந்த மனைவியும் சிரித்தாள். அது ஒன்றும் கெட்ட சிரிப்பில்லை, வீட்டுக்குள் சாதாரணமாகச் சிரிக்கிற சிரிப்புதான். லேத்காரர் வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தார். வாய்வரை வந்ததை விழுங்கினார்.

புதுத் தண்டு உட்கார்ந்தது. பல் சக்கரத்தின் கோட்டை என்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் விளிம்புக்கு நேராக வைத்து, குனிந்து மூன்று தடவை பார்த்தார் சகலை. அது நேராகத்தான் இருந்தது. கீழே, முதலில் பார்த்த ஓட்டைக்குள் இருந்த கோடுதான் தள்ளிப்போயிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அசையவே இல்லை என்று அவர் நம்பிய ஒன்றை எதற்கு மறுபடி பார்க்க வேண்டும்?

"கடைசியில கையால ரெண்டு சுத்து சுத்திட்டு, ரெண்டு கோட்டையும் ஒரு தரம் சரிபார்க்கணும்னு சொன்னான் அந்த வீடியோக்காரன்" என்றார் சகலை, தனக்குத்தானே.

அந்த நேரத்தில் இளையவள் வேலைக்குக் கிளம்பி, குடையோடு படியிறங்கி வந்தாள். "முடிஞ்சிருச்சா? ரெண்டு மணிக்கு நான் அங்க இருக்கணும்."

"இதோ, அஞ்சு நிமிஷம்."

இரண்டு சுற்று சுற்றவில்லை. மூடி, டேங்க், பிளக் எல்லாம் ஏறின. ஒரு போல்ட் மீதமில்லை. முட்டை அட்டை காலி. லேத்காரர் முறத்தை இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி உடனே கிளம்பியது. கொஞ்சம் திக்கியது. "புதுசு, பழகணும்" என்று சகலை ஆக்ஸிலரேட்டரைத் திருகினார். சத்தம் ஏறியது. இன்னும் கொஞ்சம் திருகினார். உள்ளேயிருந்து கரண்டியால் பானையில் தட்டுகிற மாதிரி நாலைந்து தட்டு. அதோடு நின்றது. மறுபடி பட்டனை அழுத்தியபோது என்ஜின் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றியது.

மழை மட்டும் பெய்தது. இளையவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள், குடையை விரித்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

"பெரிய மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார் மாமனார்.

இந்தச் சொல்லுக்குத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தது போல இருந்தது லேத்காரருக்கு. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நிதானமாக வெளியே வந்தார். என்ஜின் முன்னால் நின்றார். குனியக்கூட இல்லை.

"ஒரு பல் தள்ளி மாட்டியிருக்க தம்பி. வால்வு பிஸ்டன்ல முட்டி வளைஞ்சிருக்கும். பரவாயில்லை, ஹெட்டைக் கழட்டிக் குடு, பட்டறையில சரி பண்ணித் தர்றேன்."

சகலை தலையை ஆட்டினார். லேத்காரரின் கண்ணைப் பார்க்கவே இல்லை.

அன்று லேத்காரர் வயிறாரச் சாப்பிட்டார். மனைவி இரண்டாம் தடவை சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மாமனார் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"வண்டி நின்னதும் நீங்க போனீங்க. ஒரு பல் தள்ளியிருக்குன்னு சொன்னீங்க. அப்ப என்ஜின் மூடித்தானே இருந்துச்சு?"

"சத்தத்துலயே தெரிஞ்சிரும். பதினெட்டு வயசுலேர்ந்து இரும்போட கிடக்குறேன்."

"பல் தள்ளியிருக்குன்னு தெரியும், சரி. ஒரு பல்லுன்னு எப்படித் தெரியும்? ரெண்டா இருக்கக் கூடாதா, மூணா இருக்கக் கூடாதா?"

சோற்றில் கை நின்றுவிட்டது.

"நீங்க பார்த்திருக்கீங்க."

அவர் சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"எப்பப் பார்த்தீங்க?"

"மாமா எந்திரிச்சப்ப. டயரைப் பிடிச்சாரு. கொஞ்சம் சுத்துச்சு."

"எங்கப்பாவாலயா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "பார்த்துக்கிட்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டா இருந்தீங்க? அந்தப் புள்ளை ஒவ்வொரு போல்ட்டுக்கும் நம்பர் போட்டு வெச்சிருந்துச்சே. அதைப் பார்த்துமா உங்களுக்கு மனசு வரல?"

"அதைப் பார்த்துத்தான் வரல" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. அவள் அவரையே பார்த்தாள். கோபம் வந்தால் வாய் ஓயாதவள், அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. அது அவருக்குப் புதிதாகவும் பயமாகவும் இருந்தது.

"நான் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசியில். "நான் சொன்னா அது கோள். நீங்கதான் சொல்லணும்." எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது.

அந்த வாரம் முழுக்க மழை. இளையவள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி மேட்டை நடந்தே ஏறினாள். முழங்கால்வரை நனைந்து திரும்பினாள். பட்டறையில் வேலை முடிந்த பிறகு லேத்காரர் ஹெட்டை எடுத்து வைத்துக்கொள்வார். வளைந்த வால்வைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட்டார். அரைக்கும் பசையைத் தடவி, வால்வின் காம்பில் குச்சியைச் சொருகி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டித் தேய்த்தார். வால்வு உட்காரும் விளிம்பில் ஒரே சீராகச் சாம்பல் வளையம் விழும்வரை தேய்த்தார். பெட்ரோல் ஊற்றிப் பார்த்தார், ஒரு சொட்டு இறங்கவில்லை. இத்தனை அக்கறையாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை. பக்கத்து மிஷின்காரன், "என்னய்யா அரைநூல், சொந்த வண்டியா?" என்றான். அவர் அடுத்த வால்வை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு அதே கொட்டகை. வெயில் அடித்தது. இம்முறை ஸ்பேனர் லேத்காரர் கையில் இருந்தது. சகலை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். மாமனார் தள்ளி, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, முன்னாடி கொஞ்சம் வெளிச்சம் காட்டு."

காட்டினார். டார்ச் லேசாக ஆடியது.

"என்ன, கை ஆடுது?"

"ஒரு வாரமா இப்படித்தாண்ணே." சகலை சிரிக்கப் பார்த்தார். "மூணு தடவை பார்த்து மாட்டினேன். இப்பக்கூடக் கண்ணை மூடினா அந்தக் கோடு நேரா நிக்குது. அப்படி நேரா பார்த்ததே தப்பாப் போச்சுன்னா, நான் பாக்குற மத்தது என்ன லட்சணத்துல இருக்கும்? கடையில ஒவ்வொரு லென்ஸையும் நாலு தடவை அளக்குறேன். அளந்தும் வியாழக்கிழமை ஒண்ணை உடைச்சிட்டேன். முதலாளி என்னை உள்வேலையிலேர்ந்து எடுத்துட்டுக் கவுண்டர்ல நிக்கச் சொல்லிட்டாரு. சரிதானே, அவரைக் குத்தம் சொல்ல முடியுமா?"

லேத்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். உள்ளே மெஷின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீ சரியாத்தான் மாட்டின."

"என்னண்ணே?"

"நீ மாட்டினது சரி. கீழ சக்கரம் நகர்ந்துச்சு. மழை வந்தப்ப மாமா டயரைப் பிடிச்சு எந்திரிச்சாரு, அப்ப ஒரு விரக்கடை சுத்துச்சு. நீ திரும்பி நின்ன. நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்."

சகலைக்கு முதலில் விளங்கவில்லை. "பார்த்தீங்களா? அப்புறம் ஏண்ணே…"

"சொல்லல."

"மறந்துட்டீங்களா?"

அவனே ஒரு வழியைத் திறந்து கொடுத்தான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். லேத்காரர் தரையைப் பார்த்தார்.

"மறக்கல. நீ ரெண்டு சுத்து சுத்திப் பாக்காம மூடினப்பவும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கெட்டுப்போகட்டும்னு இருந்தேன். நீ வந்ததுலேர்ந்து எனக்கு வயித்தெரிச்சல் தம்பி. வேற ஒண்ணும் இல்ல."

படிக்கட்டில் மாமனார் தன் வலது கையை மடியில் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கையாலயா?" என்றார். பிறகு, "அதையாவது சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார். மெதுவாகச் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார்.

சகலை டார்ச்சை அணைத்தார். எழுந்து குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். அழுக்கே இல்லாத கையை வெகுநேரம் கழுவினார். ஓங்கி ஒன்று வைப்பான் என்று லேத்காரர் எதிர்பார்த்தார். வைத்தால் தேவலாம் என்றிருந்தது.

திரும்பி வந்த சகலை, "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார். இந்த முறை 'அண்ணே' இல்லை.

லேத்காரர் தள்ளிக்கொண்டார். சகலை உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார். ஓட்டையில் கோட்டைப் பார்த்தார். ஹெட்டின் விளிம்பில் கோட்டைப் பார்த்தார். செயினை மாட்டி, அதை இறுக்கும் டென்ஷனர் போட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டி என்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, இரண்டு கோட்டையும் மறுபடி பார்த்தார். கை ஆடவில்லை. பக்கத்தில் நின்ற ஆளிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய இடமும் வரவில்லை. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. லேத்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போதும் அந்தப் பழைய அரிப்பு உள்ளே இருந்தது. போய்விடும் என்று நினைத்திருந்தார், போகவில்லை.

வண்டி முதல் அழுத்தில் கிளம்பியது. சத்தம் கனமாக, ஒரே சீராக இருந்தது. சகலை மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். தெருமுனை தாண்டி மேட்டில் ஏறுகிற சத்தம் கொட்டகைவரை கேட்டது. எங்கேயும் கியர் இறங்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை.

மனைவி வாசலில் வந்து நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். "கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு மாடியிலிருந்து யாரும் எதையும் இரவல் கேட்டு வரவில்லை. வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதற்குக்கூடச் சகலை கடைத்தெரு மெக்கானிக்கிடம் போனார். அந்த மெக்கானிக் எப்படிப்பட்டவன், போல்ட்டை எவ்வளவு முறுக்குவான் என்று லேத்காரர் படுத்துக்கொண்டு யோசித்தார். இப்போது அவன் மேலும் வயிற்றெரிச்சலாக இருந்தது. மாமனார் பேப்பரைச் சத்தமில்லாமல் படித்தார். இளையவள் மட்டும் எதுவும் நடக்காதது போல, "அத்தான், மேல ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் மூணாவது கியர்தான்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். பட்டறையில் ஒரு நாள் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தள்ளி வைத்துப் பார்த்தார், கண்ணைக் கசக்கிப் பார்த்தார். அந்த வாரத்தில் இரண்டு சாமான் திரும்பி வந்தது. ஊரில் கண்ணாடிக் கடை மூன்று இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் லேத்காரர் சகலை வேலை பார்க்கும் கடைக்குப் போனார்.

கவுண்டரில் வேறொரு பெண் இருந்தாள். சகலை உள்ளேயிருந்து, கையில் துடைக்கும் துணியோடு, வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு வந்தார். இவரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பயந்த மாதிரி முகம் மாறியது.

"ஒண்ணுமில்ல" என்றார் லேத்காரர். "கிட்டத்துல பார்த்தா எழுத்து கலங்குது. அதான்."

"உக்காருங்க."

இருட்டறையில் நாற்காலி. முகத்தில் கனமான இரும்பு ஃபிரேமை மாட்டிவிட்டார் சகலை. ஒரு கண்ணை அடைத்தார். எதிரே வெளிச்சப் பலகையில் எழுத்துகள் பெரிதாகத் தொடங்கிக் கீழே கீழே சிறுத்துக்கொண்டே போயின. சகலையின் விரல்கள் காதோரம் வந்து ஃபிரேமைச் சரிசெய்தன. சோப்பு வாசனை. நடுக்கம் துளிகூட இல்லாத விரல்கள். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் லேத்காரர் விரும்பியிருந்தார். கூடவே கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"முதல்ல தூரப் பார்வை பாத்துக்கலாம். மேலேர்ந்து படிச்சுக்கிட்டு வாங்க."

படித்தார். ஐந்தாம் வரியில் தடுமாறினார். ஊகித்து ஓர் எழுத்தைச் சொன்னார். சகலை லென்ஸை மாற்றவில்லை. அப்படியே நின்றார்.

"ஊகிச்சுச் சொல்லாதீங்க" என்றார். வாடிக்கைக்காரர் எல்லோரிடமும் சொல்கிற குரல்தான். "ஊகிச்சுச் சொன்னா கண்ணாடி தப்பாப் போயிரும். தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

லேத்காரர் பலகையைப் பார்த்தார். எழுத்து ஈரத்தில் நனைந்த மாதிரி பரவிக்கிடந்தது.

"தெரியல தம்பி" என்றார்.

"சரி" என்றார் சகலை. பெட்டியிலிருந்து வேறொரு லென்ஸை எடுத்து, ஊதித் துடைத்து, கண் முன்னால் சொருகினார். "இப்ப?"

"இப்பத் தெரியுது."

"படிங்க."

அவர் படித்தார்.